சின்னப் படுக்கையறைக்குத் தலைமாட்டு விளக்கு: எங்கே, எவ்வளவு, எந்த நிறம்

நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கும்போது சுவரின் உச்சியில் இருக்கும் டியூப்லைட் நம் கண்ணை உறுத்துவதில்லை. அது புருவத்துக்கு மேலே, பார்வையின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. அதே அறையில் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். இப்போது கண் நேராகப் பார்ப்பதே அந்த டியூப்லைட்டைத்தான். 20 வாட்ஸ் எல்இடி டியூப்லைட் ஏறக்குறைய 2000 லூமென் ஒளியைக் கொட்டுகிறது. எட்டுக்குப் பத்தடி அறையில் அதிலிருந்து தப்பிக்க ஒரு மூலைகூட இல்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் பக்கத்தின் மேல் புத்தகத்தின் நிழலே விழும். ஒருக்களித்தால் பக்கத்தில் தூங்குபவருக்குத் தொந்தரவு. தூக்கம் வந்தபின் எழுந்து கதவருகே போய் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டில் திரும்பி வரவேண்டும்.

தலைமாட்டு விளக்கு இந்த மூன்று சிக்கலையும் தீர்ப்பதற்காக. கடையில் போய் அழகான விளக்கைப் பார்த்து வாங்கிவந்து, பிறகு அதை எங்கே வைப்பது என்று தேடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சின்ன அறையில் இந்த வரிசை ஒத்துவராது. முதலில் இடம், அடுத்து ஒளி விழும் திசை, பிறகு சுவிட்ச், கடைசியாக விளக்கு. இந்த வரிசையில் போனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இருக்காது.

டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்

எட்டுக்குப் பத்தடி அறையில் ஐந்தடி அகலக் கட்டிலின் தலைமாட்டை எட்டடிச் சுவரில் சேர்த்துப் போட்டால் மிஞ்சுவது மூன்றடி. கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் அந்த மூன்றடியும் மறுபக்கம் கிடைக்கும். அங்கே ஒரு இரும்பு பீரோ வந்துவிட்டால் அது 19, 20 அங்குலத்தை விழுங்கிவிடும். நடக்க மிஞ்சுவது 16 அங்குலம். 18 அங்குலச் சதுர மேசை ஒன்றை வைத்து, அதன்மேல் ஆறு அங்குல அடிப்பகுதி உள்ள டேபிள் லேம்ப் வைப்பது அங்கே நடக்காத காரியம். எப்படியோ வைத்தாலும் தண்ணீர்ச் செம்பு, மூக்குக்கண்ணாடி, போன், மாத்திரை எல்லாம் அந்த விளக்கோடு இடத்துக்குச் சண்டை போடும். ராத்திரி தூக்கத்தில் கை நீட்டும்போது முதலில் சரிவது விளக்குதான்.

அதனால் மிகச் சின்ன அறைக்குத் தரையையும் மேசையையும் தொடாத விளக்கே பொருத்தம். சுவரில், கட்டிலின் தலைப்பலகையில், அல்லது தலைமாட்டுக்கு மேலே உள்ள ஷெல்ஃபின் விளிம்பில். அளக்கும்போது நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு எத்தனை அங்குலம், தலைப்பலகை எவ்வளவு உயரம், தலைமாட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டு எங்கே, பரண் இருந்தால் அதன் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில். பழைய கட்டில், புதுக் கட்டில், தடிமனான மெத்தை என்று வீட்டுக்கு வீடு மாறுவதால், விளக்கின் உயரத்தைத் தரையிலிருந்து கணக்கிட்டால் தப்பாகிவிடும். மெத்தையிலிருந்து கணக்கிட வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள். நிறைய அடுக்குமாடி வீடுகளில் பிளக் பாயிண்ட் சரியாகத் தலைப்பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். பிளக் ஒன்றைச் செருகினால் அது சுவரைவிட்டு இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் கட்டிலைத் தள்ளினால் பிளக்கின் கழுத்தில் ஒயர் மடங்கி, உள்ளே இழை இழையாக அறுபடும். ஆறு மாதத்தில் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். அப்புறம் அந்த இடம் சூடாகி பிளாஸ்டிக் கருகும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று அங்குல இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி விட முடியாவிட்டால் பாயிண்டைத் தலைப்பலகைக்கு வெளியே நகர்த்துங்கள்.

ஒளி எவ்வளவு வேண்டும்?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லூமென் என்பது பல்பிலிருந்து மொத்தமாகப் புறப்படும் ஒளி. லக்ஸ் என்பது புத்தகத்தின் பக்கத்தில் வந்து விழும் ஒளி. பெட்டியில் அச்சிட்டிருப்பது லூமென். நமக்கு வேண்டியது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் பரவி விழுந்தால் ஒரு லக்ஸ்.

சாதாரண எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கப் பக்கத்தின்மேல் 300 லக்ஸ் போதும். இப்போது ஒரு கணக்கு. மூடி இல்லாத 5 வாட்ஸ் எல்இடி பல்பு சுமார் 450 லூமென் தரும். அது எல்லாத் திசையிலும் சிதறுவதால் இரண்டடி தூரத்தில் இருக்கும் புத்தகத்துக்கு நேரடியாகக் கிடைப்பது ஏறக்குறைய 100 லக்ஸ். மீதியெல்லாம் கூரைக்கும் சுவருக்கும் கண்ணுக்கும் போகிறது. அதற்குப் பதில், 150 லூமென் மட்டுமே தரும் சின்ன விளக்கு, ஆனால் ஒளியை 60 டிகிரிக் கூம்பாகக் குவிக்கும் தலையோடு இருந்தால் அதே இரண்டடியில் ஏறக்குறைய 500 லக்ஸ் கிடைக்கும். ஒளி மூன்றில் ஒன்று, பக்கத்தில் விழுவது ஐந்து மடங்கு. சின்ன அறைக்கு 9 வாட்ஸ் பல்பு மாட்டிய டேபிள் லேம்பைவிட 2, 3 வாட்ஸ் குவிவிளக்கு ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

தூரம் கூடினால் ஒளி சட்டென்று குறையும். இரண்டடியில் 500 லக்ஸ் என்றால் நான்கடியில் அது 125தான். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். அதனால் தலைமாட்டு விளக்கை உயரத்தில் ஏற்ற ஏற்ற அதிக வாட்ஸ் வேண்டியிருக்கும். அதிக வாட்ஸ் போட்டால் பக்கத்தில் படுத்திருப்பவர் கண் கூசும்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. பெற்றோரின் அறைக்கு விளக்கு பார்க்கிறீர்கள் என்றால் 250 முதல் 300 லூமென் தரும் குவிவிளக்கு வாங்கி, ஒளியைக் குறைத்துக் கூட்டும் வசதியும் இருக்கும்படி பாருங்கள். வயதான கண்ணுக்குக் கூச்சமும் அதிகம். எனவே ஒளியின் அளவைக் கூட்டும்போது பல்பு கண்ணில் படாமல் மறைக்கும் மூடி இன்னும் அவசியமாகிறது.

இடத்தைக் குறிப்பது

வாங்குவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்துவிடலாம். இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, வழக்கமாகப் படிக்கும் நிலையில் தலையணையில் சாய்ந்து உட்காருங்கள். புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம் போன் டார்ச்சைக் கொடுத்துத் தலைமாட்டுச் சுவரையொட்டிப் பிடித்துப் புத்தகத்தை நோக்கிக் காட்டச் சொல்லுங்கள். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து 24 அங்குலத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏற்றச் சொல்லுங்கள். மிகத் தாழ்ந்திருந்தால் உங்கள் தோளின் நிழல் பக்கத்தில் விழும். மிக உயர்ந்தால் தலையின் நிழல் விழும். நடுவில் ஓரிடத்தில் நிழல் விலகிப் பக்கம் முழுக்க வெளிச்சமாகும். பெரும்பாலானவர்களுக்கு அது மெத்தையிலிருந்து 28 முதல் 32 அங்குலத்துக்குள், தலையின் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஒன்று, ஒன்றேகால் அடி தள்ளி அமையும். மெத்தை தரையிலிருந்து 22 அங்குலம் என்றால், தரையிலிருந்து நாலேகால் அடி, நாலரை அடி.

அந்த இடத்தில் பெயிண்டர் டேப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, இப்போது முழுக்கப் படுத்து அதே டார்ச்சைப் பாருங்கள். ஒளி வரும் புள்ளி கண்ணில் நேராகத் தெரிந்தால் அங்கே மாட்டப்போகும் விளக்குக்கு ஆழமான மூடி வேண்டும். பல்பு மூடிக்குள் ஒன்றரை அங்குலமாவது உள்ளடங்கி இருக்க வேண்டும். அப்படியே பக்கத்தில் படுப்பவரின் இடத்திலும் படுத்துப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடச் சோதனையை விட்டுவிட்டுச் சுவரில் துளை போட்டவர்கள் பிறகு வாரக்கணக்கில் தலையணையை நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்தில் தூங்குபவர்

இரண்டு பேர் படுக்கும் கட்டிலில் விளக்கைக் கட்டிலின் வெளிப்பக்கத்தில் மாட்டி உள்நோக்கித் திருப்புவதுதான் வழக்கம். அப்படி மாட்டினால் புத்தகத்தைத் தாண்டிய ஒளி நேராக அடுத்தவர் முகத்தில் போய் விழும். மாற்றிச் செய்யுங்கள். தலைப்பலகையின் நடுவில், இரண்டு தலையணைகளும் சந்திக்கும் இடத்துக்கு மேலே, இரண்டு சின்னக் குவிவிளக்குகளை ஒன்றையொன்று ஒட்டி மாட்டி, இடதை இடது வெளிப்பக்கமாகவும் வலதை வலது வெளிப்பக்கமாகவும் திருப்பிவிடுங்கள். புத்தகத்தைத் தாண்டிய ஒளி வெளிச்சுவரில் போய் முடியும். ஒயர் ஒரே இடத்துக்கு வந்தால் போதும் என்பதால் வேலையும் குறைவு.

கூம்பின் கோணத்தையும் கேட்டு வாங்குங்கள். 60 டிகிரி என்றால் இரண்டடி தூரத்தில் ஏறக்குறைய 28 அங்குல வட்டம். அடுத்தவரின் தோள்வரை போகும். 40 டிகிரி என்றால் 17 அங்குல வட்டம். விரித்த புத்தகத்துக்குத் தாராளம். 40 டிகிரி விளக்குக்கு 60, 80 லூமெனே போதும்.

கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தால் உள்பக்கம் படுப்பவருக்குப் பக்கச் சுவரில் விளக்கு மாட்டுவதுதான் சரி. அவருக்கு எட்டிப் பிடிக்க வேறு இடம் கிடையாது. உட்காரும்போது தலை இடிக்காதபடி, சுவரிலிருந்து நாலு அங்குலத்துக்கு மேல் நீட்டாத விளக்காகப் பாருங்கள்.

எந்த வகை?

சுவரில் திருகும் குவிவிளக்கு, அதாவது தலையைத் திருப்பக்கூடிய ரீடிங் லைட், எல்லாவற்றிலும் நல்லது. வளையும் கழுத்துள்ளதை வாங்கினால் கழுத்து 12 முதல் 16 அங்குலம் இருக்கட்டும். கடையிலேயே கழுத்தைக் கிடைமட்டமாக வளைத்து, கையை எடுத்து, இரண்டு நிமிடம் பாருங்கள். தலை மெல்லத் தாழ்ந்தால் அந்தக் கழுத்து ஒரு வருடத்தில் தொங்கிவிடும். தலையில் பல்பு மாட்டும் வகையானால் பின் ஹோல்டரா, பெரிய திருகா, சின்னத் திருகா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெட்டிக்கடையில்கூடக் கிடைப்பது பின் வகைப் பல்பு. சின்னத் திருகுப் பல்பு ஃபியூஸ் ஆனால் தேடி அலைய வேண்டும். எல்இடி உள்ளேயே பொருத்திய விளக்கானால் அது போய்விட்டால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும் என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

முழுக்க மூடிய கண்ணாடி உருண்டைக்குள் 9 வாட்ஸ் பல்பைப் போடாதீர்கள். எல்இடி பல்பின் அடிப்பகுதியில் இருக்கும் மின்சுற்றில் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கிறது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் முதலில் சாவது அதுதான். எல்இடி நன்றாக இருக்க, பல்பு மட்டும் மினுக்கி மினுக்கி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இது. மூடிய ஷேடுக்கு 3 அல்லது 5 வாட்ஸ், அதுவும் மேலேயும் கீழேயும் காற்றுப்போக வழியுள்ள ஷேடு.

கூரையிலிருந்து தொங்கும் விளக்கைத் தலைமாட்டில் இறக்குவது இப்போது படங்களில் நிறையத் தெரிகிறது. சீலிங் ஃபேன் ஓடும் சின்ன அறைக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நாலாம் எண்ணில் ஃபேன் வைத்தால் விளக்கு ஊசலாடும். புத்தகத்தின்மேல் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி ஓடும். ஒயரின் மேல்முனை நாளடைவில் தளரும். அதேபோல் ஃபேன் இறக்கைக்கு மேலே கூரையில் பதித்த விளக்கும் வேண்டாம். இறக்கை ஒவ்வொரு முறை குறுக்கே போகும்போதும் ஒளி வெட்டி வெட்டி விழும். சிலருக்கு அதிலேயே தலைவலி வந்துவிடும்.

தலைப்பலகையின் பின்விளிம்பில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி ஒளியைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி செய்வது அழகு மட்டுமில்லை, சின்ன அறையைச் சற்று ஆழமாகவும் காட்டும். ஆனால் அது படிப்பதற்கு ஆகாது. குவிவிளக்கோடு துணையாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளை, சந்தன நிறச் சுவரானால் ஒளி நன்றாகத் திரும்பும். அடர்நீலம், கரும்பச்சை என்றால் பெரும்பகுதியைச் சுவரே குடித்துவிடும். ஸ்ட்ரிப்பின் 12 வோல்ட் அடாப்டரை மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் செருகிவிடாதீர்கள். அதற்குக் காற்று வேண்டும்.

நிறம்

கடைக்காரர் பெட்டியைக் காட்டி வாம் வொயிட்டா, கூல் டேலைட்டா என்று கேட்பார். பெட்டியில் 2700 கெல்வின் அல்லது 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் கலந்த வெளிச்சம். 4000 நடுவாந்தரம். 6500 என்றால் நீலம் தட்டிய வெள்ளை. எண் கூடினால் நீலம் கூடும். டியூப்லைட் வெள்ளைக்குப் பழகிய நம் வீடுகளில் மஞ்சளைப் பார்த்தவுடன் மங்கல் என்று ஒதுக்கிவிடுகிறோம். அடுப்படிக்கும் படிப்பு மேசைக்கும் வெள்ளை சரி. தலைமாட்டுக்கு 2700 அல்லது 3000 எடுங்கள்.

காரணம் இது. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லுதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மற்ற நிறங்களாக மாற்றுகிறது. பூச்சின் கலவை மாறினால் வெளியே தப்பும் நீலத்தின் அளவு மாறும். 6500இல் நிறையத் தப்புகிறது. நம் விழித்திரையில், பார்ப்பதற்கென்று அமைந்த செல்களைத் தவிர, பகலா இரவா என்று உடலுக்குச் சொல்லும் செல்களும் இருக்கின்றன. 2002இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டேவிட் பெர்சனின் குழு அவை தாமாகவே ஒளியை உணர்வதை எலிகளில் காட்டியது. அவை 480 நானோமீட்டர் அருகே, அதாவது நீல ஒளிக்கு, அதிகம் துடிக்கின்றன. துடித்தால் தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. மஞ்சள் விளக்கென்றாலும் அதிகப் பிரகாசமாக, கண்ணில் நேராக விழுந்தால் இதே விளைவு ஓரளவு உண்டு. எனவே நீலமும் குறையட்டும், அளவும் குறையட்டும், திசையும் கண்ணைவிட்டு விலகட்டும்.

மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. பூச்சிகளை நீல ஒளிதான் அதிகம் இழுக்கும். மழைவிட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது ஜன்னலைத் திறந்துவைத்து வெள்ளை விளக்கைத் தலைமாட்டில் போட்டால் இறகுகள் எல்லாம் தலையணையில்தான் உதிரும். மஞ்சள் விளக்குக்கு வருவது குறைவு.

பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண்ணும் இருக்கும். பொருள்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80க்கு மேல் இருந்தால் போதும். படுக்கையில் தையல், ஓவியம் என்று நிறம் பார்க்கும் வேலை செய்பவர்கள் 90 தேடுங்கள். பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், அதன்கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத பல்பை வாங்கவேண்டாம்.

சுவிட்சும் ஒயரும்

சுவிட்ச் கைக்கு எட்டவில்லை என்றால் இத்தனை ஏற்பாடும் வீண். விளக்கின் தலையிலேயே சுவிட்ச் இருப்பது எளிது. சுவரில் என்றால், படுத்தபடி முழங்கையை மடக்கியே தொடக்கூடிய இடத்தில், மெத்தையின் மேற்பரப்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் மேலே வையுங்கள். அதற்கும் கீழே போனால் போர்வையும் தலையணையும் மூடிவிடும்.

வீட்டில் வயரிங் வேலை நடக்கிறதென்றால் அறையின் பெரிய விளக்குக்கும் டூ-வே சுவிட்ச் கேட்டு வாங்குங்கள். கதவருகே போட்டு உள்ளே வந்து, தலைமாட்டில் அணைக்கலாம். சாதாரண சுவிட்சின் பின்னால் இரண்டு முனைகள். டூ-வே சுவிட்சில் மூன்று. அதில் ஒன்று பொதுமுனை. கதவருகே உள்ள சுவிட்சின் பொதுமுனைக்கு ஃபேஸ், அதாவது மின்சாரம் கொண்டுவரும் ஒயர், வரும். தலைமாட்டுச் சுவிட்சின் பொதுமுனையிலிருந்து விளக்குக்குப் போகும். மீதமுள்ள இரண்டிரண்டு முனைகளை, இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவில் ஓடும் இரண்டு ஒயர்கள் இணைக்கும். பொதுமுனையையும் மற்ற முனையையும் மாற்றி மாட்டிவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும்: ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட நிலையில் இருந்தால்தான் மற்றது வேலை செய்யும். எலக்ட்ரீஷியன் போவதற்கு முன், இரண்டு சுவிட்சுகளையும் நான்கு விதமாகவும் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த வேலையை அவரிடமே விடுங்கள். 230 வோல்ட்டில் கைப்பழக்கம் இல்லாதவர் இறங்க வேண்டாம். விளக்கு வயரிங்குக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வழக்கம். சுவரை வெட்ட முடியாவிட்டால் கேசிங் கேப்பிங் பட்டி, அதாவது சுவரின்மேல் ஒயரை மூடி ஓடும் பிளாஸ்டிக் பட்டி, போட்டுத் தலைப்பலகையின் பின்னால் மறைத்துக் கொண்டுவரலாம்.

சுவிட்சை அணைத்தபிறகும் எல்இடி பல்பு பேய் விளக்குபோல மங்கலாக எரிகிறது என்ற புகார் படுக்கையறையில்தான் அதிகம் வரும். மற்ற அறைகளில் யாரும் இருட்டில் பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பல்பில் கோளாறு இல்லை. சுவிட்சுக்குள் சிவப்பாக ஒளிரும் சின்ன இண்டிகேட்டர் இருந்தால் அதன்வழியே மிகச் சிறு மின்னோட்டம் பல்புக்குப் போகும். அல்லது சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல், மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலில் மாட்டியிருக்கும். இரண்டாவது ஆபத்தானது: சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பை மாற்றும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். உடனே மாற்றச் சொல்லுங்கள். முதலாவதற்கு இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் போதும்.

ஒளியைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போன்ற டிம்மர் மாட்டுவதானால், டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்ட பல்பே வேண்டும். சாதாரண எல்இடி பல்பை அதில் போட்டால் துடிக்கும், ஙொய்யென்று சத்தம் வரும், சீக்கிரம் போகும். சுவிட்சைப் போட்டு அணைத்தால் மூன்று அளவில் மாறும் பல்புகள் கிடைக்கின்றன. தலைமாட்டுக்கு அவை வசதி. வாங்கும்போது போன் கேமராவை எரியும் பல்பின் அருகே பிடித்துத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அடர்த்தியாக ஓடினால் அந்தப் பல்பு மினுக்குகிறது என்று பொருள். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாவிட்டாலும் படிக்கும்போது சோர்வு தரும்.

துளை போடும்போது

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக்கூடாது. சுவருக்குள் ஒயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் ஓடும். செங்கல் சுவருக்கு 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை), 35 மி.மீ. திருகு, 40 மி.மீ. ஆழம். பூச்சு மட்டுமே முக்கால் அங்குலம் இருக்கும் என்பதால் ஆழம் குறைந்தால் பிளக் பூச்சில் மட்டும் பிடித்து, பிறகு பூச்சோடு பெயர்ந்து வரும். புதிய அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர் இருக்கும். துளைபோடும்போது வெள்ளை மாவாக, சிரமமே இல்லாமல் இறங்கினால் அதுதான். அங்கே சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்று உள்ள நீள நைலான் பிளக் கேளுங்கள். டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள்.

சுவரில் ஓதம் ஏறியிருந்தால், பெயிண்ட் உப்பி உப்பு பூத்திருந்தால், அந்த இடத்தில் மின்விளக்கே வேண்டாம். தலைப்பலகையில் மாட்டுங்கள். 18 மி.மீ. பிளைவுட் பலகைக்கு 15 மி.மீ. திருகு, அதைவிட நீளமானால் மறுபக்கம் துருத்தும்.

வாடகை வீட்டில்

ஆணி அடிக்கக்கூடாது என்ற வீட்டில் கிளிப் விளக்குதான் கைகொடுக்கும். தலைப்பலகையின் தடிமனை அளந்து, கிளிப்பின் வாய் அதைவிட அரை அங்குலமாவது கூடுதலாகத் திறக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டும் கொக்கி, இருபக்க டேப் எல்லாம் டைல்ஸிலும் வழவழப்பான பெயிண்டிலும் நிற்கும். டிஸ்டெம்பர், சுண்ணாம்புச் சுவரில் டேப் நன்றாகத்தான் ஒட்டும், அடியிலிருக்கும் பூச்சு உரிந்து விளக்கோடு கீழே வரும். பிறகு வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சார்ஜ் விளக்கு வாங்கினால் பேட்டரியைக் கணக்கிடுங்கள். 1200 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது சுமார் 4.4 வாட்-மணி, 1.5 வாட்ஸ் விளக்கு மூன்று மணி நேரத்தைத் தொடாது. தினமும் ஒரு மணி நேரம் படிப்பவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடவேண்டும். கரண்ட் போனால் உதவும் என்பது இதன் பெரிய நன்மை. மெத்தையின்மேல், தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவது மட்டும் கூடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கட்டிலின்மேல் இழுத்து வைப்பதும் அப்படித்தான்.

கொசுவலையும் பீரோ கண்ணாடியும்

கொசுவலை கட்டுபவர்கள் விளக்கை வலைக்கு வெளியே மாட்டினால் ஒளி வலையிலேயே பட்டுச் சிதறி, கண்ணுக்கு எதிரே ஒரு வெள்ளைத் திரை நிற்கும். குவிவிளக்கின் முகத்தை வலையிலிருந்து முக்கால் அடியாவது தள்ளி வைத்தால் சிதறல் குறையும். வலைக்கு உள்ளே வைப்பதானால் பேட்டரி விளக்கை மட்டும் வையுங்கள். பழைய குண்டு பல்பு வலையைத் தொட்டால் நைலான் உருகும். எல்இடியில் அந்த அளவு சூடு இல்லையென்றாலும் வலை அதன்மேல் படிந்து கிடக்கக் கூடாது.

பீரோ கதவில் கண்ணாடி இருந்தால், விளக்கு மாட்டும் இடத்தை முடிவுசெய்யும் முன் படுத்தபடி அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். டார்ச் அதில் தெரிந்தால் விளக்கும் தெரியும். நாலு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தினால் தீர்ந்துவிடும்.

விடிவிளக்கு

படிக்கிற விளக்கையே மங்கலாக்கி விடியவிடிய எரியவிடுவதைவிடத் தனி விடிவிளக்கு நல்லது. ஜீரோ வாட்ஸ் என்று நாம் சொல்லும் பழைய குண்டு பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட்ஸ் எடுக்கும். 15 வாட்ஸ், தினம் எட்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 44 யூனிட். அரை வாட்ஸ் எல்இடி அதே நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். நிறத்தில் நீலமும் பச்சையும் தவிர்த்து, சிவப்போ ஆரஞ்சோ எடுங்கள்.

சுவரில் உயரத்தில் மாட்டாமல் தரையிலிருந்து ஒரு அடிக்குள், கதவுக்கும் கழிவறைக்கும் போகும் வழியில் வையுங்கள். இரவில் எழும் பெரியவர்களுக்கு வேண்டியது செருப்பும் தரையும் வாசற்படியும் தெரிவது. ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கைக் கட்டிலுக்கு அடியில் ஒட்டுவதானால், அதன் கண் மெத்தையின் பக்கம் பார்க்காமல் தரையை நோக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத்தில் கையைத் தொங்கவிட்டாலே எரிந்துவிடும். ஒட்டியதும் அறையை இருட்டாக்கி, பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டுக் காலைத் தரையில் வையுங்கள். பாதம் படும் இடமும் கதவின் கீழ்விளிம்பும் தெரிந்து, பல்பு மட்டும் எங்கிருந்து பார்த்தாலும் தெரியாமல் இருந்தால் சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.